கிரகத்துக்குச் சாதகம் எழுதியவன்

ஒரு கிரகத்துக்கே சாதகம் எழுதிய மனிதன் எங்கள் லோஞ்சில், அதுதான் பயணிகள் படகில், டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். பெயர் யோகலிங்கம். திருகோணமலை ஜெட்டி என்கிற படகுத்துறைக்கும் மூதூர் ஜெட்டிக்கும் இடையில், இந்தக் கதை நடந்தபோதே பதினாறு வருடமாகப் போய் வந்தவன். நான் அதே லோஞ்சில் இயந்திரம் பார்த்தவன். சுக்கான் பிடித்தது ஸைனுலாப்தீன் காக்கா, கிண்ணியா ஆள்; அவர்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். மூன்று பேரும் ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டவர்கள். ஆகவே இது கேள்விப்பட்ட கதை இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தது.

ஆள் நெட்டை. நடந்தால் தலை முதலில் போகும், உடம்பு பிறகு வரும். காதில் எப்போதும் ஒரு பென்சில். தகப்பன் விட்டுப்போன சொத்து ஒரு தகரப் பெட்டி; அதைத் திறந்தால் ஐம்பது வருடத்துப் பஞ்சாங்கம். வேறு யாரும் என்றால் அடுப்புக்கு வைத்திருப்பார்கள். இவன் ஒவ்வொன்றாக வாசித்து, யாரிடமும் படிக்காமல், சாதகம் கணிக்கப் பழகிக்கொண்டான். பலன் சொல்லமாட்டான். "கணக்கு எனக்குத் தெரியும். பலன் கடவுளுக்குத் தெரியும்" என்பான். அந்த அளவில் அவன் யோக்கியன்.

இரண்டாவது பைத்தியம் வானொலி. அந்த நாட்களில் பற்றறி கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும், குண்டு செய்ய உதவும் என்று நேவி மூதூருக்குக் கொண்டுபோக விடாது. யோகலிங்கம் செத்த பற்றறிகளை லோஞ்சின் கூரையில் வெயிலுக்கு அடுக்கிவைப்பான். காய்ந்ததும் அரை மணித்தியாலம் பாடும். அந்த அரை மணித்தியாலத்தில் உலகச் செய்தி முழுவதையும் கேட்டுவிடவேண்டும் அவனுக்கு.

தரைவழி சண்டையால் அடிக்கடி அடைபட்டுக் கிடந்தது. கடிதம் போட்டால் போய்ச்சேர மூன்று கிழமை, இருபது நாளுக்கு மேல்; போகிற வழியில் யார் யார் உடைத்து வாசிப்பார்கள் என்றும் தெரியாது. அதனால் சனம் முக்கியமான கடதாசிகளை யோகலிங்கத்தின் கையில் கொடுக்கும். முக்கியமான கடதாசி என்றால் கலியாணச் சாதகக் குறிப்பு. மூதூர் மாப்பிள்ளையின் குறிப்பு சாம்பல்தீவுப் பெண் வீட்டுக்கு, சாம்பல்தீவுப் பெண்ணின் குறிப்பு மூதூருக்கு. சீ.ஆர். கொப்பி என்கிற தடித்த நோட்டுப் புத்தகத்தின் நடுவில் வைத்துக் காவிக்கொண்டு போவான். ஐம்பது அறுபது கலியாணம் அந்தக் கொப்பிக்குள்ளால் போய் வந்திருக்கும். ஒரு குறிப்புக்கூடத் தொலைந்ததில்லை, மாறியதில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசி மாதம். காலை லோஞ்சுக்கு சனம் ஜெட்டியில் காத்திருந்தது. நேவிக்காரர் பை சோதித்து முடிய இரண்டு மணித்தியாலம் எடுக்கும். வானொலியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று எழும்பி நின்றான்.

"காக்கா! இன்னொரு சூரியனைச் சுத்திற கிரகம் ஒண்டைக் கண்டுபிடிச்சிட்டாங்கள்!"

"ஆரு?"

"சுவிஸ்காரர் ரெண்டு பேர்."

"நம்மட ஆக்கள் அவ்வளவு பேர் சுவிஸ் போனதுக்கு ஒருத்தனும் ஒண்டும் கண்டுபிடிக்கல்ல" என்றார் காக்கா. "சரி, செல்லு கேப்பம். எங்க கிடக்கு?"

அன்று தொடங்கியதுதான். பெகாசி ஐம்பத்தொன்று என்பது அந்தச் சூரியனின் பெயர், எங்கள் சூரியன் மாதிரி ஒன்று. நாற்பது சொச்சம் ஒளியாண்டு தூரம் என்றார்கள் அப்போது. பிறகு நன்றாக அளந்து ஐம்பது என்று திருத்தினார்கள். அந்தச் சூரியனுக்கு இவ்வளவு கிட்ட, எங்கள் தூரத்தில் இருபதில் ஒரு பங்கில், அந்தக் கிரகம் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு நாலேகால் நாள்கூட இல்லை. அதாவது அங்கே ஒரு வருடம் என்பது எங்கள் நாலு நாளும் சொச்சமும். பாரம், வியாழனில் அரைவாசி. எங்கள் பூமி நூற்றைம்பதைச் சேர்த்துக் கட்டினால் வரும். சூடு ஆயிரம் பாகை.

"ஆளைக் கண்ணால கண்டவங்களோ?" என்று நான் கேட்டேன்.

"இல்லை. கிரகம் தெரியாது. அது சுத்தேக்க அந்தச் சூரியன் ஆடுறதைத்தான் கண்டவங்கள்." என் முகத்தைப் பார்த்துவிட்டு லோஞ்சைக் காட்டினான். "உந்தக் கூரைக்குக் கீழ ஆர் நிக்கிறது எண்டு கரையில நிக்கிறவனுக்குத் தெரியாது. ஆனா ஒரு தடிச்ச ஆள் லோஞ்சில இந்தப் பக்கத்தில இருந்து அந்தப் பக்கத்துக்கு நடந்தா லோஞ்ச் ஆடுமெல்லோ? ஆட்டத்தைப் பாத்து ஆள் எவ்வளவு பாரம், எவ்வளவு கெதியா நடக்கிறான் எண்டு சொல்லலாம்."

எனக்கு அது ஒரே நிமிடத்தில் விளங்கியது. பள்ளிக்கூடத்தில் இப்படி ஒருவன் படிப்பித்திருந்தால் நான் எட்டாம் வகுப்போடு நின்றிருக்கமாட்டேன்.

அதன் பிறகு காத்திருக்கிற சனத்துக்குப் பொழுதுபோக்கு யோகலிங்கம்தான். காதுப் பென்சிலை எடுத்து ஆளாளுக்கு அந்தக் கிரகத்து வயது கணித்துக் கொடுப்பான். காக்காவுக்கு ஐம்பத்திரண்டு, அங்கே நாலாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு. "அப்ப எனக்கு எப்பயோ பென்சன் வந்திருக்கோணுமே" என்றார் காக்கா. அங்கே பிறந்த பிள்ளை மூன்று கிழமையில் பள்ளிக்கூடம் போகவேண்டும், எட்டரை மாதத்தில் அறுபதாம் கலியாணம். ஒரு பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்தபடி இருக்குமாம். ஆகவே அந்தப் பக்கம் ஒரேயடியாகப் பகல், மற்றப் பக்கம் ஒரேயடியாக இரவு.

"மற்றப் பக்கத்துக்கு முழுநாளும் ஊரடங்கு" என்று ஒரு கிழவர் சொல்ல, ஜெட்டி முழுக்கச் சிரித்தது. காவலுக்கு நின்ற நேவிக்காரனும் ஏன் என்று தெரியாமல் சிரித்தான்.

பகலும் இரவும் சேருகிற கோட்டில் ஒரு ஜெட்டி இருக்கும், அதில் ஒரு லோஞ்ச் ஓடும், பகல் கரையில் உள்ளவர்கள் நித்திரை கொள்ள இரவுக் கரைக்கு டிக்கெட் எடுப்பார்கள் என்று அவனாகச் சிலதைச் சேர்த்தும் சொல்வான். கேட்டால், நிலமே இல்லை, முழுக்க வாயு என்றும் அவனே ஒப்புக்கொள்வான்.

"அப்ப நங்கூரத்த எங்க போடுற?" என்று கேட்பார் காக்கா.

"நங்கூரம் உருகிப் போயிடும் காக்கா. போடுறது வீண்."

இதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. ஒருநாள் அவனுக்கு ஒரு யோசனை. பெகாசி ஐம்பத்தொன்று வானத்தில் எங்கே இருக்கிறது என்று தேடினான். பூரட்டாதி நட்சத்திரம் என்று நாங்கள் சொல்லுகிற இரண்டு வெள்ளிகளுக்கும் நடுவில், சற்றே விலகி இருந்தது. "எங்கட பூரட்டாதியிலதான் குடியிருக்கு!" என்று துள்ளினான். நட்சத்திரம் கிடைத்தால் சாதகம் எழுதலாம். இப்போது காணுகிற வெளிச்சம் அங்கிருந்து புறப்பட்ட காலத்தைப் பிறந்த காலமாக வைத்தான். நாற்பத்திரண்டு வருடத்துக்கு முந்தின பஞ்சாங்கத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தான். விசய வருடம், புரட்டாதி மாதம், பூரட்டாதி நட்சத்திரம் நிற்கிற நாள். இராசிக் கட்டம், அம்சக் கட்டம் எல்லாம் நேர்த்தியாகப் போட்டு, மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே "பெகாசி 51, சுவிஸ்" என்று எழுதினான். சுவிஸ்காரர் கண்டது என்பதை ஞாபகம் வைக்க அப்படியாம். எழுதி, அதே சீ.ஆர். கொப்பிக்குள் வைத்தான்.

கலியாணக் குறிப்புகள் கிடக்கிற கொப்பிக்குள்.

இனி அன்னலட்சுமி அக்காவைச் சொல்லவேண்டும். சாம்பல்தீவு. புருசன் இல்லை. ஒரே மகள் புஷ்பவதி, நகரத்துத் தபால் கந்தோரில் முத்திரை விற்கிற பிள்ளை, வயது முப்பத்தேழு. சாதகத்தில் ஏழில் செவ்வாய். வந்த மாப்பிள்ளைகளில் சிலரைச் செவ்வாய் துரத்தியது, சிலரைச் சண்டை துரத்தியது. ஒருவன் பேசி முடித்தபிறகு கனடா போய் அங்கேயே கட்டிக்கொண்டான். எட்டு வருடமாக அக்கா குறிப்பைக் காவித் திரிந்தார். புஷ்பவதி வாய்க்காரி. ஆனால் குறிப்பு திரும்பி வருகிற நாட்களில் கந்தோரில் தலை நிமிராமல் முத்திரை கிழிப்பாள் என்று எனக்குத் தெரியும். நானும் முத்திரை வாங்கப் போகிறவன்தானே.

அடுத்த ஆண்டு மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மூதூர் ஜெட்டியில் இரத்தினசிங்கம் வந்து தன் குறிப்பை யோகலிங்கத்திடம் கொடுத்தார். அரிசி ஆலையில் இயந்திரம் பார்க்கிறவர், நாற்பத்தொரு வயது, அதிகம் பேசாத மனிதன். தமக்கைதான் எல்லாம் பார்க்கிறவர்.

"யோகண்ணை, சாம்பல்தீவு அன்னலட்சுமி வீட்டுக்கு. வெள்ளிக்கிழமை லோஞ்சில மறுமொழி வரவேணுமாம். சனிக்கிழமை மட்டக்களப்பில இருந்து வேற ஆக்கள் வருகினம், அக்கா அங்க வாக்குக் குடுத்திடுவா."

"உங்களுக்கு எது விருப்பம்?"

இரத்தினசிங்கம் காலால் மண்ணைக் கிளறினார். "போன வருசம் தபால் கந்தோரில பத்து ரூவா முத்திரை கேட்டனான். 'எச்சில் தொட்டு ஒட்டாதேங்கோ, தண்ணி வச்சிருக்கிறன்' எண்டு பேசினவ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது போதும்.

யோகலிங்கம் அதைக் கொப்பிக்குள் வைத்தான். திருகோணமலையில் இறங்கியபோது அன்றைக்குச் சோதனை கடுமை. புதிதாக வந்த ஒரு நேவிக்காரப் பையன் கொப்பியை உதறி, கடதாசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கட்டங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "கேந்தரே?" என்றான். சிங்களத்தில் சாதகத்துக்கு அதுதான் பெயர். அவன் ஊரிலும் இதே பன்னிரண்டு கட்டம்தான். கிரகத்தின் குறிப்பை எடுத்து விரலால் எண்ணிப் பார்த்து, "மே கேந்தரே ஹொந்தய்" என்றான். இந்தச் சாதகம் நல்லது என்று அர்த்தம். நல்லது என்று சொன்ன குறிப்பை எல்லாவற்றுக்கும் மேலே மரியாதையாக வைத்துக் கொப்பியை மூடித் திருப்பிக் கொடுத்தான்.

யோகலிங்கத்தின் வழக்கம், கடைசியாக வாங்கிய குறிப்பு எப்போதும் மேலே. பதினாறு வருடத்து வழக்கம். கையை விட்டான், மேலே கிடந்ததை உருவினான், நாலாக மடித்தான், புதன்கிழமை காலை தபால் கந்தோர்க் கம்பிக்குள்ளால் புஷ்பவதியிடம் நீட்டினான்.

"அம்மாட்டைக் குடு பிள்ளை. வெள்ளிக்கிழமை மறுமொழி வேணுமாம்."

"தபால் கந்தோரில வேலை செய்யிற எனக்குக் கடிதம் கையாலதான் வருது" என்று சொல்லி அவள் வாங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. ஜெட்டியில் சனம் நிரம்பியிருந்தது. பத்துக்கு லோஞ்ச். இதை விட்டால் திங்கட்கிழமைதான் அடுத்தது என்று நேவி சொல்லியிருந்தது. சனி ஞாயிறு கடலில் ஏதோ பயிற்சியாம். அப்போது அன்னலட்சுமி அக்கா வந்தார். புதுச் சேலை. கையில் ஓலைப் பெட்டி நிறையப் பயற்றம் பணியாரம். பின்னால் கந்தோருக்குப் போகிற கோலத்தில் புஷ்பவதி.

"யோகலிங்கம் தம்பி! நீ நல்லா இருப்பாய்!" அக்காவின் குரல் ஜெட்டி முழுக்கக் கேட்டது. "பத்தில ஒன்பது பொருத்தம்! சாத்திரியார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுத் துடைச்சுப் பாத்தவர். இப்பிடி ஒரு சாதகம் இந்தப் பத்து வருசத்தில தன்ர கையில வரேல்லையாம். இவளின்ர செவ்வாய்க்கு அங்க எட்டில செவ்வாய். சரிக்குச் சரி!"

யோகலிங்கம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "பாத்தியளே அக்கா, நான் சொன்னனானெல்லோ."

"மாப்பிள்ளைக்கு உடம்பு பெரிசாம். கொஞ்சம் சூடான ஆளாம். ஓரிடத்தில நிக்கமாட்டாராம், ஒரே சுத்தாம். ஆனா தகப்பனை விட்டு விலகமாட்டாராம்."

"இரத்தினசிங்கமோ சுத்திற ஆள்?" என்று நான் கேட்டேன். அந்த மனிதன் ஆலையை விட்டு அசையமாட்டாரே.

"ஆர் இரத்தினசிங்கம்?" என்றார் அக்கா. "பேர் போடேல்லை. விலாசம் போட்டிருக்கு. ஐம்பத்தொண்டு, பெகாசி, சுவிஸ். பெகாசி எண்டது ஊரோ தம்பி, றோட்டோ?"

யோகலிங்கத்தின் சிரிப்பு அப்படியே நின்றது. பல் தெரிந்தபடிதான் இருந்தது, ஆனால் சிரிப்பு போய்விட்டது. கொப்பியைத் திறந்தான். இரத்தினசிங்கத்தின் குறிப்பு உள்ளே சமர்த்தாகக் கிடந்தது.

"அக்கா… இருங்கோ."

"எனக்கு இருக்க நேரமில்லை. இண்டைக்கே மறுமொழி குடுக்கவேணும். எவ்வளவு தூரம் எண்டாலும் பரவாயில்லை."

"தூரம் கொஞ்சம் கூட அக்கா."

"சுவிஸ்தானே?"

"அதுக்கும் அங்கால."

"லண்டனோ?"

காக்கா சுக்கானை விட்டு இறங்கி வந்துவிட்டார். கொப்பியையும் யோகலிங்கத்தின் முகத்தையும் பார்த்தவுடனேயே அவருக்கு விளங்கிவிட்டது. "செல்லிப் போடு மச்சான்" என்றார் மெதுவாக. "வெச்சிக்கொண்டிருந்தா இன்னும் கூடும்."

யோகலிங்கம் சொன்னான். அது மாப்பிள்ளை இல்லை, கிரகம் என்று. தான்தான் விளையாட்டாக எழுதியது, மாறிப்போய்விட்டது என்று. கேட்டுக்கொண்டிருந்த சனத்தில் யாரோ ஒருவர் மூக்கால் சிரிக்க, ஜெட்டி முழுக்கச் சிரிப்பு வெடித்தது. மூட்டையில் இருந்தவர் மூட்டையிலிருந்து வழுகினார்.

அக்கா சிரிக்கவில்லை. பணியாரப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"எட்டு வருசம் தம்பி" என்றார். "எட்டு வருசமா இந்தப் பிள்ளையின்ர குறிப்பைக் காவிறன். ஆர் ஆரோ பகிடி பண்ணினவை. நீயுமோ?"

சிரிப்பு நின்றுபோனது. பதினாறு வருடத்தில் யோகலிங்கத்தின் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. இரத்தினசிங்கத்தின் குறிப்பை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான்.

"இதுதான் வந்தது அக்கா. மூதூர். அரிசி ஆலை. நல்ல மனிசன். இண்டைக்கு லோஞ்சில மறுமொழி போகாட்டி நாளைக்கு வேற இடத்தில முடிச்சிடுவினம்."

"சாத்திரியாரிட்டப் போய்வர நேரமில்லையே!"

"கணக்கு நான் பாப்பன்."

ஒரு மாவு மூட்டையில் குந்தினான். காதுப் பென்சிலை எடுத்தான். புஷ்பவதியின் நட்சத்திரம் அவனுக்கு மனப்பாடம். எத்தனை தரம் காவியிருக்கிறான். நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்றேன். தினம், கணம், யோனி என்று ஒவ்வொன்றாகக் கோடு போட்டான். ஒன்பதுக்கு மணி அடித்தது. நேவிக்காரர் வரிசையை உள்ளே விடத் தொடங்கிவிட்டார்கள். ஐந்தாவது கோட்டோடு பென்சில் நின்றது. திரும்பவும் முதலில் இருந்து எண்ணினான். திரும்பவும் ஐந்து.

"எட்டு எண்டு சொல்லு" என்று அவன் காதுக்குள் சொன்னேன். "ஆருக்குத் தெரியப்போகுது? நல்ல காரியம்தானே."

என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஒருக்கா மாறிக் குடுத்தது பிழையால. இப்ப மாத்திச் சொன்னா அது களவு" என்றான். எழும்பினான். "அக்கா, ஐஞ்சு. செவ்வாயும் இரச்சுப் பொருத்தமும் சரி. ஆனா பத்தில ஐஞ்சுதான்."

அக்காவின் முகம் சுருங்கியது. "ஒன்பதைக் கண்ட கண்ணால ஐஞ்சைப் பாக்கச் சொல்லுறாய். ஐஞ்சுக்கு எப்பிடித் தம்பி ஓம் எண்டு சொல்லுறது?"

அதுவரை பின்னால் நின்ற புஷ்பவதி முன்னால் வந்தாள்.

"யோகண்ணை, அந்த ஒன்பதுக்காரரைப் பற்றி விளக்கமாச் சொல்லுங்கோ. அங்க எவ்வளவு சூடு?"

"ஆயிரம் பாகை, பிள்ளை."

"சோறு வைக்க அடுப்பு மூட்டத் தேவையில்லை. வருசம்?"

"நாலே சொச்சம் நாள்."

"அப்ப நாலு நாளுக்கு ஒருக்காத் தீபாவளி. பலகாரம் ஆர் சுடுறது? நான். நிலம் இருக்கோ?"

"இல்லை. முழுக்க வாயு."

"கதிரை போட்டு இருக்கவும் ஏலாது. தண்ணி?"

"ஆவியாப் போயிடும்."

"கேட்டியளே அம்மா?" தாயைத் திரும்பிப் பார்த்தாள். "ஒன்பது பொருத்தத்தோட அங்க போனா ஒரு நிமிசத்தில கருகிப்போவன். ஐஞ்சு பொருத்தத்தோட மூதூரில இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலாம்."

"சாத்திரியார் என்ன சொல்லுவாரோ, பிள்ளை…"

"சாத்திரியாரோ? நாப்பது வருசமாக் கிரகம் பாக்கிற மனிசன். ஒரு கிரகம் தன்ர மேசையில வந்து இருக்க, அதைக் கிரகம் எண்டு கண்டுபிடிக்கேல்லை!"

முதலில் சிரித்தது அக்காதான். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணால் தண்ணீர் வந்தது. அது எந்தத் தண்ணீர் என்று நான் ஆராயவில்லை. பிறகு மகளைப் பார்த்து, "உனக்கு ஆளைத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"ஒருக்கா முத்திரை வாங்க வந்தவர். பேச்சு வாங்கினவர். அடுத்தமுறையும் என்ர கவுண்டருக்குத்தான் வந்தவர், பக்கத்துக் கவுண்டர் வெறுமையாக் கிடக்க."

அக்கா கைப்பையைத் திறந்தார். சம்மதம் என்றால் பெண்ணின் குறிப்பில் நாலு மூலைக்கும் மஞ்சள் பூசி அனுப்பவேண்டும். குறிப்பு அதற்குள் இருந்தது. எட்டு வருடமாக அது அங்கேதான். மஞ்சளுக்கு எங்கே போவது? வரிசையில் நின்ற, சித்தி பரீதா என்ற மூதூர்ப் பெண் தன் பையைத் திறந்தார். கடைத்தெருவில் வாங்கிய மஞ்சள் தூள். வெடிமருந்தோ என்று அந்தப் புது நேவிக்காரன் மூன்று தரம் மணந்து பார்த்து, இரண்டு தரம் தும்மி, விட்ட மஞ்சள்.

"எடுங்க லாத்தா" என்றார் அக்காவிடம். "சோதனையில பாசான மஞ்சள்."

கடல் தண்ணீரில் குழைத்துப் பூசினார்கள். பத்துக்கு லோஞ்ச் வெளிக்கிட்டது. அன்றைக்கு யோகலிங்கம் கொப்பியை உபயோகிக்கவில்லை. குறிப்பைச் சட்டைக்குள், நெஞ்சோடு வைத்து, மேலே கையையும் வைத்துக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் இருந்தான். டிக்கெட் நான்தான் கிழித்தேன்.

மூதூர் ஜெட்டியில் இரத்தினசிங்கம் தானே வந்து நின்றார், தமக்கையை அனுப்பவில்லை. மஞ்சள் மூலையைக் கண்டதும் வேட்டியை ஒருதரம் அவிழ்த்துக் கட்டினார். யோகலிங்கம் ஒளிக்கவில்லை. நடந்ததை முழுக்கச் சொன்னான்.

"அப்ப எனக்குப் போட்டியா ஒருத்தர் நிண்டவரோ?" என்றார் இரத்தினசிங்கம்.

"ஓம். உங்களைவிட நாலு பொருத்தம் கூட."

"பாரம்?"

"பூமியைவிட நூற்றைம்பது மடங்கு."

"அப்ப லோஞ்சில ஏறேலாது" என்றார் அவர். அவர் பகிடி விட்டதை நான் கேட்டது அன்றுதான் முதல்தரம்.

ஆனி மாதம் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர் எங்கள் லோஞ்சில் வந்தார்கள். பட்டு வேட்டியோடு இரத்தினசிங்கம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நடக்க லோஞ்ச் கொஞ்சம் சரிந்தது. லோஞ்சைக் கட்டக் கரைக்குக் குதித்திருந்த யோகலிங்கம் கையைத் தட்டினான். "கூரைக்குக் கீழ மாப்பிள்ளை நிக்கிறார். ஆட்டத்தில தெரியுது!"

அதற்குப் பிறகும் அவன் குறிப்புகள் காவினான், ஆனால் இரண்டு கொப்பி. ஒன்று கலியாணத்துக்கு, ஒன்று வானத்துக்கு. வானத்துக் கொப்பிக்குச் சிவப்பு மட்டை போட்டு, மேலே "இதில் மாப்பிள்ளை இல்லை" என்று எழுதியிருந்தான்.

கிரகத்தின் குறிப்பை அவன் திருப்பிக் கேட்கவில்லை; புஷ்பவதியும் கொடுக்கவில்லை. அலுமாரியில் வைத்திருந்தாள். புருசன் பெண்சாதி வாக்குவாதப்பட்டால் அது வெளியே வரும். "ஒன்பது பொருத்தத்தை விட்டிட்டு வந்தனான்" என்பாள். "போங்கோ, போங்கோ. நாலு நாளுக்கு ஒருக்காப் பலகாரம் சுடவேணும்" என்பார் அவர். ஐந்து பொருத்தத்தில் இரண்டு பிள்ளைகள், ஒரு அரிசி மில், இடம்பெயர்ந்து திரும்பி வந்தது மூன்று தரம். எந்தப் பொருத்தம் எதற்கு உதவியது என்று கேட்டால் யோகலிங்கம் இன்றைக்கும் சொல்லமாட்டான். அவனுக்குக் கணக்கு மட்டும்தான் தெரியும்.

சண்டை முடிந்து சில வருடங்களின் பின், அந்தக் கிரகத்துக்கும் அதன் சூரியனுக்கும் முறையாகப் பெயர் வைத்தார்கள். கிரகத்துக்கு அரைவாசி என்று பொருள் வரும் பெயர், வியாழனில் பாதி என்பதால். சூரியனுக்கு வைத்தது பழைய காலத்தில் சுவிஸ் நாட்டில் வாழ்ந்த சனத்தின் பெயர். யோகலிங்கம் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு அன்னலட்சுமி அக்காவிடம் போனான். எண்பது வயது, காது கொஞ்சம் மந்தம். சத்தம் போட்டு வாசித்துக் காட்டினான்.

அக்கா முழுவதையும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, யோகலிங்கத்தை விரலால் காட்டினார்.

"சுவிஸ் மாப்பிள்ளை எண்டு நான் அண்டைக்கே சொன்னனான். இவன்தான் இல்லை எண்டவன்."